காந்தம் எடுக்கிற பெட்டி

ஒரு ஊரில் ஒரு கடை இருந்ததாம். பழைய ரெக்கார்டு பிளேயர் விற்கிற கடை. அந்தக் கடையில் ஒருவருக்கு ஒரு பெட்டி விற்றார்களாம். பெட்டிக்குள் ஒரு பேட்டரியும் ஒரு சிவப்பு விளக்கும் தவிர ஒன்றுமே இல்லையாம்.

அந்தப் பெட்டியைத்தான் வாங்கியவரின் மகள் கடைக்காரர் முன்னால் டொப்பென்று வைத்தாள்.

"இது என்ன சார்?"

கடைக்காரர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது... காந்தம் எடுக்கிற பெட்டிம்மா. பிளேயரோட முள்ளுத் தலையில நாளாக நாளாகக் காந்தம் ஏறும். பாட்டு மங்கிப் போகும். இதுல மாட்டி பட்டனை அமுக்கினா..."

"இந்தக் கதையெல்லாம் எங்கப்பாகிட்டயே சொல்லிட்டீங்க. எங்கிட்ட வேண்டாம். பேட்டரி மாத்தலாம்னு திறந்தேன். விளக்கு மட்டும்தான் எரியுது. உள்ள காத்தாடுது."

மூலையில் வயர் பற்றவைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு விடியக்காலை எனக்கு ஃபிளைட். ரெண்டு வருஷ வேலை. போன தடவை கூப்பிட்டப்ப அம்மா தவறின புதுசு. அப்பாவைத் தனியா விட மனசு வராம வேண்டாம்னுட்டேன். இந்தத் தடவையும் விட்டா அவ்வளவுதான், இனி கூப்பிட மாட்டாங்க. இந்த நேரம் பார்த்து அவரை ஏமாத்தியிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"உட்காருங்கம்மா..."

"மூணு மாசமா பாட்டு தெளிவா இல்லன்னு சொல்லிட்டே இருந்தார். எனக்கு பயம். காதுதான் போகுதோன்னு டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கிட்டேன். அப்புறம் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். பட்டனை அமுக்கினார். விளக்கு எரிஞ்சுது. 'ஆகா, இப்பத்தான் கண்ணாடி மாதிரி கேக்குது'ன்னார். சரி, டாக்டரெல்லாம் வேண்டாம்னு நானும்..."



அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கடைக்காரரைப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லாத பெட்டி," என்றாள் மெதுவாக. "அப்ப எப்படி சார் தெளிவாச்சு?"

கடைக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"சொல்லுங்க சார். பிளேயர்ல கோளாறே இல்லையா? அப்ப கோளாறு அவர் காதுலயா? சும்மா என் மனசுக்காக நல்லா கேக்குதுன்னாரா?" கைப்பைக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தாள். "நான் போகல. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன்."

"அய்யோ, வேண்டாம்மா!"

அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாம்மா... நான்தான் எடுத்தேன்."

"என்னத்தை?"

"முதல்ல கொடுத்தப்ப உள்ள எல்லாமே இருந்துச்சு. வேலை செஞ்சுது. அதான் பாட்டு தெளிவாச்சு. போன வாரம் வாக்கிங் போறப்ப, பட்டன் லூசா இருக்குன்னு கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சாமான் இப்ப எங்கயும் கிடைக்காது. இன்னொருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தார். சபலம். கழட்டி அவருக்குப் போட்டுட்டேன். இதுல விளக்கு மட்டும் எரியற மாதிரி பண்ணிட்டேன்."

அவள் கண்ணிமைக்காமல் கேட்டாள்.

"அப்ப அப்பா காது?"

"அவர் காதுக்கு என்னம்மா! ஊசி கீழ விழுந்தா எத்தனாம் நம்பர் ஊசின்னு சொல்லுவார்."

அவளிடமிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. ஃபோன் திரும்பப் பைக்குள் போனது. அதற்குப் பிறகுதான் கோபமே வந்தது.

"சீ! வயசானவர் நம்பிக் கொடுத்த பொருள். அதுல கையை வெச்சிருக்கீங்க. கடைப் பேருக்குப் பதிலா திருடன்னு போர்டு மாட்டிக்குங்க. எங்க எழுதணுமோ அங்க நான் எழுதறேன்."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

மனைவி பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பதினெட்டு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். உங்களுக்குத் திருடத் தெரியும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"எனக்கும்தான்," என்று கடைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

சொன்னபடியே அவள் எழுதிவிட்டாள். மறுநாள் காலையில் மனைவி ஃபோனைக் காட்டினாள். இணையத்தில் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம். கீழே, 'திருட்டுக் கடை. யாரும் போகாதீங்க.' மத்தியானம் வரை ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவளுடைய அப்பா வந்தார்.

"ஏறிட்டா தம்பி," என்றார். "உள்ள போற வரைக்கும் திரும்பித் திரும்பிக் கையாட்டினா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேலை செய்யற பெட்டி வேண்டாம், விளக்கு மட்டும் எரியற காலிப் பெட்டி ஒண்ணு பண்ணிக் கொடுன்னு கேட்டேன். ஏன்னுகூட நீ கேக்கல. காது போனது போனதுதான். காந்தமாவது ஒண்ணாவது. அது அவளுக்குத் தெரிஞ்சா இந்தத் தடவையும் போக மாட்டா. அதான்."

"இனிமேலாவது டாக்டரைப் பாருங்க ஐயா," என்றார் கடைக்காரர், பலமாக.

"நாளைக்கே போறேன். அது இருக்கட்டும். நேத்து பெட்டியைத் தூக்கிட்டு இங்கதானே வந்தா? என்ன சொன்னா?"

"திருடன்னாங்க."

அவர் தலையைச் சாய்த்து முன்னால் குனிந்தார். "என்ன?"

கடைக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"'அப்பாவைப் பார்த்துக்குங்க'ன்னாங்க!"

"சொல்லுவா, சொல்லுவா," என்று சிரித்துக்கொண்டே அவர் படியிறங்கிப் போனார்.