நால்வருக்கு ஒன்று காட்டும் பெட்டி

பிப்ரவரி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. குறை இதுதான்: வீட்டில் நால்வர் இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்க, கூடத்து அலமாரியின் மேலிருந்த ரூட்டர் ‘இணைந்துள்ள கருவிகள்: ஒன்று’ என்று கூசாமல் பொய் சொன்னது.

கடைகளின் எடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது அந்த வீட்டின் குடும்பத் தலைவருடைய தொழில். நான்கு கிலோவை வைத்தால் ஒரு கிலோ காட்டும் தராசை அவர் ஒருநாளும் விட்டுவைத்ததில்லை. ரூட்டரை மட்டும் விட்டுவிடுவாரா?

அந்த ரூட்டருக்குள் ஓடியது கடையில் வாங்கிய மென்பொருள் அன்று. தன்னார்வலர்கள் சிலர் கூடி எழுதி, மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைத்த சோதனைப் பதிப்பு. பழைய இணைய முகவரிகளை அறவே ஒழித்துவிட்டு, ஐபி ஆறாம் பதிப்பு முகவரிகளை மட்டுமே கொண்டு ஒரு வீடு முழுவதும் இயங்குமா என்று பார்ப்பதே அதன் நோக்கம்.

அந்தக் குழுவில் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். மூன்று ஆண்டுகளாக அவர் சரியென்று சொன்ன பிறகே எந்தப் பதிப்பும் வெளியே போயிற்று. இம்முறை அவர் சொல்லவில்லை. வெளியீடு அந்தரத்தில் நின்றது. நிரலை எழுதிய ‘ஆந்தை’யின் குரல் கணினிக்குள்ளிருந்து கொதித்தது.

“தராசு சார், மத்தவங்க வீட்லல்லாம் எண்ணிக்கை சரியாக் காட்டுது. உங்க வீட்ல மட்டும் எப்படித் தப்பாகும்?”

“நாங்க நாலு பேர் இருக்கோம்யா. நாலு பேரும் விடிஞ்சா பொழுதடைஞ்சா நெட்லதான் கெடக்குறோம்.”

“பொட்டி ஒருத்தர்தான்னு சொல்லுதே. மத்த மூணு பேரும் உங்க கற்பனையோ என்னமோ.”

“இந்தக் கிண்டல்ல பாதி அக்கறைய நிரல்ல காட்டியிருந்தா நான் ஏன் கத்துறேன்?”

“சாயங்காலத்துக்குள்ள தப்பை நிரூபிங்க சார். இல்லேன்னா உங்க பேரைக் குழுவுலேருந்து எடுத்துட்டு நாங்களே வெளியிட்டுருவோம். எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு.”

தராசு இணைப்பைத் துண்டித்தார். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயரை ஒற்றை எண் விழுங்கப் பார்த்தது. சாட்சி திரட்டக் கிளம்பினார்.

மாடிப்படியை ஒட்டிய சிற்றறையில் மனைவி, காதில் ஹெட்செட்டுடன் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சோதனைப் பதிப்பைப் போட்ட முதல் வாரம் இணைப்பு அறுந்து அறுந்து விழுந்தபோது, வேலையே போய்விடும் என்று அழாத குறையாகச் சண்டை பிடித்தவர் அவர். தராசு ஏதோ ஓர் அமைப்பைத் திருத்திய மறுநாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை.

“நெட் எப்படி இருக்கு?”

“அருமையா இருக்குங்க. அந்தப் பொட்டியத் தொடாம விட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது.”

படிக்கட்டுக் கதவை அடைத்தாற்போல் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மகள் இணையவழித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். மனைவியின் தம்பி படியிலேயே சாய்ந்து கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூடத்துல அவ்வளவு பெரிய சோஃபா சும்மா கெடக்கு. எல்லாரும் ஏன் இந்த மூலையிலயே அப்பிக்கிட்டு இருக்கீங்க?”

“காத்து வருது மாமா,” என்றான் மைத்துனன், தலை நிமிராமல்.

“உனக்கு நெட் எப்படிடா?”

“பறக்குது மாமா. உங்களுக்குச் சிலையே வைக்கலாம்.”

“அப்பா, டெஸ்ட் நடக்குது. கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ப் பேசுங்களேன்,” என்றாள் மகள்.

சாட்சி மூன்று, பெட்டி சொன்னதோ ஒன்று. தராசு ரூட்டரை அணைத்தார். ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போட்டார். வீட்டில் ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. அப்படியொரு பொறுமை தம் குடும்பத்துக்கு எப்போது வந்தது என்று வியந்துகொண்டார். விளக்குகள் எரிந்தன. எண்ணிக்கை: ஒன்று.

பல்லைக் கடித்துக்கொண்டு குழுவுக்கு எழுதினார். ‘மூவரையும் நேரில் விசாரித்தேன். மூவருக்கும் இணையம் குறைவின்றிக் கிடைக்கிறது. பொய் சொல்வது உங்கள் நிரலே. என் பெயரை நீக்குவதானால் நீக்குங்கள்; பொய்த் தராசுக்கு நான் முத்திரை இடுவதற்கில்லை.’ அனுப்பியும் விட்டார்.

சற்று நேரத்தில் மகளின் குரல் கேட்டது. “ஐயோ, நெட் போச்சு. அம்மா, உங்களுக்கு?”

“எனக்கும் போச்சுடி. லைன்ல ஆள் இருக்காரு.”

“கோல் போடுற நேரத்துலயா,” என்றான் மைத்துனன்.

தராசுவின் முகம் மலர்ந்தது. கடைசியில் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான் என்று ரூட்டரிடம் ஓடினார். எல்லா விளக்குகளும் பச்சை. அவருடைய கணினியில் பக்கங்கள் பளிச்சென்று திறந்தன. மூவரும் படிக்கட்டருகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

“என்ன ஆச்சுன்னு யாராவது வாயைத் தெறந்து சொல்லுங்களேன்.”

அதற்குள் கதவு தட்டப்பட்டது. மாடியில் குடியிருக்கும் பல் மருத்துவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“ஒண்ணுமில்ல சார், எங்க வைஃபை பாஸ்வேர்டை இப்பத்தான் மாத்தினேன், உங்க வீட்ல மூணு பேரும் பழசையே போட்டுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, புதுசை இந்தச் சீட்டுல எழுதியிருக்கேன், குடுத்துடுங்க.”