புழுவின் சாட்சி

குடியிருந்த கத்தரிக்காயைத் தின்று தீர்த்த புழு, அடுத்த வீடு தேடிச் சந்தைக் கூடையில் ஊர்ந்தது. பளபளவென்று ஒரே ஒரு காய்தான் மிச்சம். வாயை வைக்கப் போனது.

"வெச்சிடாதீங்க அண்ணே, செத்துருவீங்க!" என்றது காய். "புழு தின்னா சாகுற மாதிரி ஆய்வுக்கூடத்துல என்னை மாத்தியிருக்காங்க. மருந்தடிக்க வேண்டாம்."

"அப்புறம் ஏன்டா விலைபோகாம கிடக்கே?"

"புழுவே தொடாததை மனுஷன் தொடுவானான்னு எல்லாரும் போயிடுறாங்க. இன்னைக்கும் போகலைன்னா மாட்டுத் தொட்டிதான். முள் குத்தின ஓட்டை ஒண்ணு என் முதுகுல இருக்கு. அதுல தலையை நீட்டிக்கிட்டு சும்மா உட்காருங்க. என்னை வாங்குற வீட்டுல நாட்டுக்காய் இல்லாமலா போகும்? உங்களுக்கு விருந்துதான்."

பசியில் புழு ஒப்புக்கொண்டது. ஓட்டைக்குள் புகுந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

சுலோச்சனா என்பவள் வந்தாள். புழுவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இதுதான் நம்பித் திங்கிற காய்!"

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புழுவைச் சுண்டிக் குப்பையில் எறிந்தாள். காய் குழம்பில் கொதித்தது.

அவள் வீட்டுக்காரர் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டு சொன்னார்: "புழு தின்ன காய்க்கே தனி ருசிதான்."

"நான் எங்கய்யா தின்னேன்?" என்றது புழு, குப்பைக்குள்ளிருந்து, வெறும் வயிற்றோடு.