காது அறுந்த நாய்

நாய் குறுக்கே வந்தது.

அதனால்தான் வண்டியை ரோட்டோர இளநீர்க் குவியலுக்குள் விட்டேன்.

வண்டி நின்றது. இளநீர் நிற்கவில்லை. கண்ட பக்கமெல்லாம் உருண்டு ஓடியது.

இரவு ஷிப்ட் முடிந்து நானும் என் மனைவி பூங்கொடியும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கால் முறிந்தது. எனக்குத் தாடையில் ஒரு சிராய்ப்பு.

ஷேவ் செய்யும்போது இதைவிடப் பெரிதாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸோடு வந்தார்கள். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படி ஆச்சு?" என்றார்கள்.

ஹார்லிக்ஸை வாங்கி வைத்துக்கொண்டு கதை சொல்லாமல் அனுப்புவது மரியாதை இல்லை.

மேல்வீட்டு அக்காவிடம் சொன்னபோது அது வெறும் நாய். அக்கா மட்டும் இளநீர் வாங்கி வந்திருந்தார். அக்கறையா, கிண்டலா என்று நான் கேட்கவில்லை.

பனியன் கம்பெனி ஆட்கள் வந்தபோது கருப்பு நாய்.

சூப்பர்வைசருக்கு, பதவிக்குத் தக்கபடி, இரண்டு நாய்.

சொல்லச் சொல்ல அதன் முகம் எனக்கே தெளிந்துகொண்டு வந்தது. பாவம், அதுவும் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரிதான் நடந்தது.

பூங்கொடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மாவுக்கட்டுக்குள் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டிருப்பாள்.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்தார்.

ஹார்லிக்ஸ் இல்லை. கார் இருந்தது.

"மாப்ளை, ரெண்டு வாரமா பகல் ஷிப்ட்டும் பார்த்து ராத்திரி ஷிப்ட்டும் பார்த்திருக்கீங்க. இவளையும் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நாய்னா சரி, உடுங்க. தூங்கிட்டே ஓட்டியிருந்தீங்கன்னா இவளை இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன். கால் சரியானாலும் அனுப்ப மாட்டேன்."

"நாய்தானுங்க மச்சான்."

"என்ன நெறம்?"

படியேறும்போது மேல்வீட்டு அக்காவிடம் பேசியிருப்பாரோ. கம்பெனிப் பக்கம் போய் விசாரித்திருப்பாரோ. அதற்குள் என்னிடம் நாலைந்து நாய்கள் சேர்ந்திருந்தன. எதை அவிழ்த்துவிடுவது?

"டீ ஆறுதுங்க மச்சான்," என்றேன்.

"செவலை."

பூங்கொடி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"செவலைங்ணா. ஒரு காது அறுந்திருந்துச்சு. நான்தான் பார்த்தேனே."

அண்ணன் அவளையே பார்த்தார். அவளும் அவரையே பார்த்தாள்.

ஆறிப்போன டீயைக் குடித்தார். காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதிலேயே சாய்ந்து நின்றேன்.

அப்படியானால் நாய் வந்திருக்கிறது. அவள் பார்த்திருக்கிறாள்.

உடம்பெல்லாம் லேசானது. இத்தனை நாள் அந்த நாயை நான் ஒருவனே கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"பூங்கொடி, எந்தக் காது?"

அவள் குச்சியை வெளியே எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"நாயெல்லாம் ஒண்ணும் வருலீங்க. நீங்க தூங்கிட்டீங்க. லேசா கொறட்டை கேட்டுச்சு."

கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

"ஊட்டுக்கு வந்துட்டோம்னு நெனச்சு, நானும் கண்ணை மூடிக்கிட்டேன்."