மருதம்மாள் தராத சேவல்

"வேண்டாமுங்கண்ணா. வேற எதை வேணாலும் கேளுங்க. இது உங்களுக்கு ஆகாது."

சோமனூரில் நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் மருதம்மாள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். ஞானசம்பந்தத்தின் காதில் ஏறினால்தானே? அவர் வாய் பிளந்து சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேவலா அது! நிமிர்ந்தால் அவர் இடுப்பைத் தொட்டது. வாலை விரித்தால் பாதி சோமனூருக்கு நிழல் விழும். அது ஒரு கூவல் கூவியதில் பக்கத்து ஷெட்டின் விசைத்தறிகள் அத்தனையும் வெட்கப்பட்டு நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது கோழி வளர்ப்பில் இறங்கியிருக்கிறார். 'கூட்டத்தைத் திருத்தணும்னா மட்டமான சேவலை முதல்ல கழிக்கணும்' என்று யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, இருந்த ஒரே சேவலையும் ஞாயிற்றுக்கிழமை குழம்பாக்கிவிட்டார். திருப்பூர் ராயபுரத்தில் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏழு பெட்டைகள் துணையில்லாமல் நின்றன.

"பொங்கலுக்குள்ள குஞ்சு பொரிக்கலீன்னா அந்த ஏழும் குழம்புதானுங்க" என்று மனைவி ஜெயசுதா வேறு கெடு வைத்திருந்தாள்.

பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். கால், கழுத்து, வால், எல்லாம் அளந்தார். வெள்ளைப் பனியன் துணியால் இறகை அழுத்தித் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"திருப்பூர்க்காரன் எந்தக் கலரையும் தேய்ச்சுப் பாக்காம நம்ப மாட்டான் அம்மிணி. ஃபைனல் செக்கிங் பாஸ்!"

"சாயமெல்லாம் இல்லீங்க. ஆனா..."

"ஆனாவெல்லாம் கெடக்கட்டும். இதுக்கு வாரிசு இருக்குதுங்களா?"

"வேலியோரம் மேயற விடலைக பூரா இதோட குஞ்சுகதானுங்க."

திரும்பிப் பார்த்தவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொன்றும் கழுகுக்குத் தம்பி மாதிரி!

"அதுல ஒரு சேவலைப் புடிச்சுக் குடுக்கறனுங்க. கொண்டு போங்க."

"சாம்பிள் பீஸ் எனக்கெதுக்கு? ஒரிஜினலே வேணும்!"

"வருசம் பூரா வெச்சிருந்தாலும் இதால உங்க ஊட்டுல ஒத்தைக் குஞ்சு பொரியாதுங்கண்ணா."

"ஏனுங்க, ராயபுரத்துத் தண்ணி ஒத்துக்காதா? பொறாமை அம்மிணி உங்களுக்கு!" என்றபடி சேவலை அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

மருதம்மாளால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வயசான கோழிக்கு பத்தாயிரத்துல ஒண்ணுக்கு இப்புடி ஆகுமுன்னு கால்நடை டாக்டரு சொன்னாருங்க. போன ஐப்பசியிலதான் இதுக்குக் கொண்டை பெருத்துது, வாலு நீண்டுது, கூவவும் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னால, அந்த விடலைக அத்தனைக்கும் முட்டை போட்டு அடைகாத்ததே இந்தப் பொட்டைதானுங்க!"