வண்டிக்கு என்ன நிறம்?

‘ஆம்புலன்ஸுக்கு என்ன நிறம்? அந்த நிறம் ஏன்?’

கோப்பில் பச்சை மையால் எழுதியிருந்த கேள்வியை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு அதை மேஜை மேல் போட்ட வேகத்தில், பக்கத்து இருக்கைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“என்னம்மா, மறுபடியும் கேள்விக்குறியா?”

“அவரேதான் சார்.”

நிதி அமைச்சகத்தில் செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிக்கு, சுகாதார அமைச்சகத்தார் வைத்த பெயர் அது. மருந்தோ, மருத்துவமனையோ, திட்டம் போடுவதுதான் இவர்கள் வேலை. பணம் அங்கிருந்துதான் வரவேண்டும். சமைப்பது ஒருத்தர், பெட்டிச் சாவி இன்னொருத்தர் இடுப்பில்.

மலையூர்களுக்குப் பிரசவ ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அவள் ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்த கோப்பு அது. முதல் தடவை, ‘வண்டி நிற்க நிழல் உண்டா?’ என்று கேட்டுத் திரும்பி வந்தது. அடுத்த தடவை, ‘சைரன் சத்தம் மலையில் எதிரொலிக்குமா?’ இப்போது நிறம்.

செல்போன் அடித்தது. தங்கை. மலையடிவார ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“அக்கா, வண்டி என்னாச்சு?”

“வரும்டீ.”

“இதையேதான் போன மாசமும் சொன்னே. இன்னிக்கு ஒரு பொண்ணைக் காய்கறி லாரியில கொண்டுவந்தாங்க. பாதி வழியில குழந்தை பொறந்துடுச்சு. ஏதோ புண்ணியம், ரெண்டு பேரும் பிழைச்சாங்க. மழை ஆரம்பிச்சா அந்த லாரியும் வராதுக்கா.”

அவ்வளவுதான். கோப்பை எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குக் கிளம்பிவிட்டாள். யாரிடமும் குரல் உயர்த்தாதவள்.

கேள்விக்குறி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“உட்காருங்க.”

“உட்கார வரல சார். ஆம்புலன்ஸ் வெள்ளையாத்தான் இருக்கும். கல்யாணக் கார் மாதிரி ஜோடிச்சா கேட்டேன்?”

“அதை எழுத்துல குடுங்க.”

“இப்பவே எழுதித் தரேன்.”

“இப்ப வேண்டாம். திங்கட்கிழமை கொண்டாங்க. அவசரமில்ல.”

“அவசரமில்லையா?” அவள் குரல் உடைந்தது. “உங்க வீட்டுப் பொண்ணு வலியோட காய்கறி மூட்டை மேல படுத்துட்டு வந்திருந்தா, இப்படிச் சொல்வீங்களா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“திங்கட்கிழமை” என்றார் கடைசியில். “அதுக்கு முன்னாடி அனுப்பிடாதீங்க.”

கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். ‘நிறம்: வெள்ளை. தூரத்திலிருந்தும் தெரியும்.’ அவர் அதைப் படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. பேனாவை எடுத்தார், ஒப்புதல் என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

அவளால் நம்ப முடியவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். வேறு என்னவோ வந்தது.

“இதை முதல் நாளே போட்டிருக்கலாமே சார்?”

“போட்டிருக்கலாம்” என்றார், முகம் மாறாமல். “போய் வண்டியை வாங்குற வேலையைப் பாருங்க.”

வெளியே வந்ததும் தங்கையை அழைத்தாள்.

“பணம் வந்துடுச்சுடீ! மழைக்கு முன்னாடி வண்டி வந்துடும்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை.

“அந்த மனுஷனுக்கு என் சார்பா ஒரு கும்பிடு போட்டுட்டு வாக்கா.”

“கும்பிடா? இவ்வளவு தாமதமே அவராலதான்!”

வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த அவருடைய உதவியாளர், ஒரு சின்னப் பெண், எழுந்து வந்தாள்.

“மேடம், நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க. கொஞ்ச மாசமா புதுச் செலவு எதுவும் கூடாதுன்னு மேலேயிருந்து உத்தரவு. எந்தக் கோப்பு வந்தாலும் நிராகரிச்சுடணும்.”

“எங்க கோப்பு திரும்பித்தானே வந்துச்சு?”

“அதான் மேடம். நிராகரிச்சா இந்த வருஷம் மறுபடி அனுப்பவே முடியாது. கேள்வி கேட்டுத் திருப்பினா உயிரோட இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் திங்கட்கிழமை தடையை எடுக்கப்போறாங்கன்னு சார் காதுக்கு வந்துச்சு. இன்னிக்குக் காலையில எடுத்துட்டாங்க.”

அவள் அவருடைய அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதுக்கு உருப்படியா ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? சைரன் எதிரொலிக்குமான்னா கேட்பாரு?”

“நீங்க ஒரு தப்பும் விடலையே மேடம்! கேட்க ஒண்ணுமே கிடைக்காம சார் தலையைப் பிய்ச்சுக்கிட்டார்.”

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, இங்க வா. கல்வி அமைச்சகம், பள்ளிக்கூடக் கழிப்பறைக் கோப்பு. அவங்களுக்குத் தடை இன்னும் போகல. இதையும் ஒரு குறையில்லாம எழுதித் தொலைச்சிருக்காங்க. நான் என்னத்தைக் கேட்கிறது?”

உதவியாளர் நகர்வதற்குள் அவள் போய்க் கதவைத் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கதவு உள்பக்கமாத் திறக்குமா, வெளிப்பக்கமாத் திறக்குமான்னு கேளுங்க சார்.”