நடிப்பை விட்ட காரணம்

முப்பது சண்டைப் படங்களில் டூப்பே போடாத ஹீரோ என்று பேர் வாங்கியவர், முதல் முறையாக இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா ஓடிட்டிருக்கும்போது ஏன் சார் நடிப்பை விட்டீங்க?" என்று கேட்டான் அவர் படத்தின் புது ஹீரோ.

"முழங்கால் போச்சு. இனிமே குதிக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

அன்றைய காட்சி, இரண்டாவது மாடியிலிருந்து அட்டைப்பெட்டிக் குவியல் மேல் குதிப்பது. "உங்களை மாதிரி நானே குதிக்கறேன் சார்" என்று வீறாப்பாக மேலே ஏறிய புது ஹீரோ, கீழே எட்டிப் பார்த்ததும் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"சார், மேல வந்து ஒரு தடவை சொல்லிக் குடுங்களேன்!"

இயக்குநர் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். மனைவி பெருமூச்சு விட்டபடி எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே போனார்.

"கீழ பார்க்காதே தம்பி. எதிர் ஜன்னலைப் பாரு. காலை ஊன்றாம முதுகுல விழு."

"சார் உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காரா மேடம்?"

"அவரா? ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டினாலே அவருக்குத் தலை சுத்தும்."

"அப்போ முப்பது படத்துல குதிச்சது?"

"நான்தான், மீசை ஒட்டிக்கிட்டு" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார் அவர். "எனக்கு முடியாமப் போனதும் வேற டூப் போட்டுக்கங்கன்னு சொன்னேன். ஒத்துக்கலை. டூப் போடாத ஹீரோங்கற பேரு கெட்டுடுமாம்."