ஒரு சிட்டிகை உப்பு
பாறையிடுக்கில் ஊற்று கொப்பளிக்கிறது. ஈஸ்டருக்கு மறுநாளைக் காட்டுப் பூங்காவில் கழிக்கக் கம்பைநல்லூரிலிருந்து வந்த குடும்பத்தின் டிரான்சிஸ்டர், மணலில் கவிழ்ந்து கிடந்தும் பாட்டை நிறுத்தவில்லை. சிதறிய புளிச்சோற்றை மிதித்துக்கொண்டு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அந்தக் குடும்பத்து யாகப்பனைத் தலைமயிரோடு பிடித்து ஊற்றடிக்கு இழுக்கிறார்கள். அவன் மனைவி ராஜமேரியின் கையில் பொட்டலம் நசுங்குகிறது. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த உப்பு அது. பிள்ளைகள் புதுத் தண்ணீரில் இறங்குமுன் ஒரு சிட்டிகை தூவிச் சிலுவை போடுவது அவள் வழக்கம். உப்பு பட்டால் ஊற்றுக்கண் அடைந்துவிடும் என்று இந்த மலையடி ஊர் நம்புவது அவளுக்கு எங்கே தெரியும்? “ரெண்டு வருசமா மழையில்ல. இந்தத் தண்ணியிலதான் எங்க உசுரு கெடக்குது, அதுலயாடா உப்பப் போட்டீங்க?” என்று கத்தும் ஊர்க்காரன் மாதையனின் மூங்கில்தடி யாகப்பனின் தாடையில் இறங்குகிறது. வாய் கிழிகிறது. “அவரு இல்லீங்க, நாந்தான் போட்டேன், என்னய அடிங்க!” குறுக்கே விழுந்த ராஜமேரியை யாரோ எட்டித் தள்ள, அவள் வளையல்கள் பாறையில் நொறுங்குகின்றன. குடத்தோடு நிற்கும் ஊர்க்காரி குள்ளம்மாள் கத்துகிறாள்: “கொன்னுப்புடாதீங்கடா! அவனயே குடிக்கச் சொல்லுங்க. தண்ணி நல்லா இருந்தா வுட்ருங்க.” தடிகள் தாழ்கின்றன. யாகப்பனின் முகத்தை ஊற்றில் அமுக்கித் தூக்குகிறார்கள். கிழிந்த உதட்டு ரத்தம் கலந்த நீரை அவன் விழுங்குகிறான். “எப்பிடிடா இருக்குது?” நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க, சொல்லுங்க என்று ராஜமேரியின் உதடுகள் சத்தமின்றித் துடிக்கின்றன. அரைமயக்கத்தில் அவன் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்க்கிறான். “கரிக்குதுங்க” என்கிறான். மாதையனின் தடி மறுபடி உயர்கிறது.